நேரில் சொல்லும் பாராட்டு

அன்றாடம் எதிர்ப்படும் ஒருவரின் வேலையைக் கவனித்து, அதன் நிறையை அவரிடமே சொல்வதுதான் நேர்ப்பாராட்டு. காசு செலவில்லாத இந்தப் பழக்கம் பலருக்குக் கைவராததற்குக் கூச்சமே முதல் காரணம். காக்கா பிடிப்பதாக நினைத்துவிடுவாரோ என்று தயங்கியே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகிய உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைப் போன்ற ஒரு தயக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், அதைப் பெறுபவரின் சங்கடத்தை மிகையாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் மதிப்பிட்டிருந்தார்கள்.

பாராட்டுக்கு உயிர் கொடுப்பது நுணுக்கம். தையற்காரரிடம் ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு நகரலாம். அதை எந்தக் கடையிலும் சொல்லலாம். “தோள்ல ஒரு சுருக்கம்கூட விழலண்ணே, கழுத்து அப்படியே உக்காந்திருக்கு” என்றால், வெட்டும்போது அவர் கணக்குப் பார்த்து விட்ட அரை அங்குலம் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது என்று பொருள். உழைப்பவர் ஏங்குவது இதற்குத்தான்.

எல்லாப் பாராட்டும் நன்மை செய்துவிடாது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ‘புத்திசாலி’ என்று புகழப்பட்ட சிறுவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். காரியம் ஆக வேண்டியவரிடம் மட்டும் பொழியும் புகழ்ச்சி இந்தக் கணக்கிலேயே வராது.

இப்பழக்கத்தின் பெருங்குறை வேறு: செய்ய வேண்டிய கடமைக்குப் பதிலாக அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு, மருத்துவப் பணியாளர்களுக்காக இந்தியா முழுவதும் மக்கள் கைதட்டினார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. கைதட்டியவர்களே தாக்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைதட்டல் அந்த மருத்துவருக்கு ஒரு பாதுகாப்பும் தரவில்லை. பிரிட்டனிலும் பத்து வாரம் வியாழன்தோறும் இரவு 8 மணிக்குக் கைதட்டினார்கள். மறுஆண்டு இங்கிலாந்து மருத்துவப் பணியாளர்களுக்கு அரசு முன்மொழிந்த ஊதிய உயர்வு 1 சதவீதம். செவிலியர் சங்கம் கொதித்தெழுந்த பிறகே அது 3 சதவீதமானது.

கடமையும் கூடவே வருகிறதா என்ற சோதனை நேருக்கு நேர் சொல்லும் நன்றிக்கும் பொருந்தும். வாசலில் தூய்மைப் பணியாளரிடம் “நல்லா பண்றீங்கம்மா” என்று மனதாரச் சொல்பவர், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, உள்ளே இருப்பது கண்ணாடி என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.