கத்தரிப்பூவில் ஒரு ரீங்காரம்

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் கத்தரிக்காயை எல்லாரும் பார்க்கிறோம். அதன் ஊதாப்பூவை யார் நின்று பார்க்கிறார்கள்? தேன் சுரக்காத பூ. மஞ்சள் மகரந்தப்பைகளின் நுனியில் ஊசித்துளை மட்டுமே திறந்திருக்கும். காலை வெயிலில் மரம் துளைக்கும் கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கும். சிறகை மடக்கிக்கொண்டு மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது கேட்ட தடித்த 'ர்ர்ர்' சட்டென்று கூர்மையாகி ஏறும், காம்பு நடுங்கும், உப்புச்சாடியைத் தட்டியதுபோல் மகரந்தம் அதன் வயிற்றில் உதிரும். என்ன பக்குவம்! அவ்வளவு கனத்த உடல் தொங்கியும் பூ முறிவதில்லை. தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியதுதான். ஆனாலும் இந்த வண்டு வந்துபோனால் காய்ப்பு கூடும்.

பூத்திருக்கும் காலையில் மருந்தடிக்காதீர்கள். வரப்போரத்துப் பட்டமரத்தையும் விட்டுவையுங்கள்; வண்டின் வீடு அங்கேதான்.