யாழ்ப்பாணத்து மேனிஃபோல்டுக்கு ஒரு வக்காலத்து

மலேசியாவின் சிரம்பானில் எங்கள் பட்டறைக்கு வந்த கோவை நண்பர் ஒருவர், "யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குப் பழைய காரை ஓட்டத்தான் தெரியும், எஞ்சினில் கைவைக்க எங்கே தெரியும்?" என்றார். ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த யாழ்ப்பாணத்தவரின் பேரன் நான். பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கோவையின் பெருமையை நான் மறுக்கவில்லை. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு பந்தய வீரர் கரிவரதன் பார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியது அந்த ஊரில்தான். பம்புசெட் தொழிலால் வளர்ந்த வார்ப்படப் பட்டறைகள் அங்கே ஏராளம். பேட்டர்ன் செய்து, மணலில் கோர் வைத்து அலுமினியத்தை ஊற்றினால் எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு தயார். ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்தவரையில் அவர்கள் கணக்கு காற்றைப் பற்றியது. ரன்னர் குழாய் நீண்டால் குறைந்த வேகத்தில் இழுவை கூடும். குட்டையானால் உச்ச வேகத்தில் சக்தி கூடும். நல்ல கணக்குதான்.

யாழ்ப்பாணத்தின் கணக்கு சூட்டைப் பற்றியது. 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்தபின் கொக்குவிலில் சித்தப்பாவின் கராஜில் தங்கித்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். 1990க்குப் பிந்தைய போர்க்காலப் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெட்ரோல் அரிதாகி மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. கோவைக்காரர்கள் கிருஷ்ணாயில் என்பார்களே, அதேதான். குளிர்ந்த மேனிஃபோல்டில் அது ஆவியாகாது. சுவரில் துளியாகப் படியும்; சிலிண்டர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்க வைக்கும். அதனால் சிறு போத்தலில் இருந்து கார்ப்புரேட்டருக்குள் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மோரிஸ் மைனரில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கும். புகை மேனிஃபோல்டின் சூட்டை வெளிக்காற்று கொண்டுபோகாமலிருக்கச் சித்தப்பா தகரம் வளைத்து மறைப்புக் கட்டினார். வரைபடமில்லை, கம்ப்யூட்டருமில்லை. கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தார், தகரத்தை நகர்த்தினார், மறுபடி பார்த்தார். எஞ்சினில் கைவைப்பது என்றால் வேறென்ன?

இன்று புரோட்டோன் சாகாவுக்கு நான் மேனிஃபோல்டு செய்யும்போது, பற்றவைக்கும் சூட்டில் பிளேஞ்சு வளையாதிருக்க அதைப் பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் முடுக்கிய பிறகே டார்ச்சை எடுப்பேன். ஆறியபின் மட்டப்பலகையில் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பேன். இதுவும் கொக்குவிலில் படித்ததுதான்.

பந்தயத் தடத்தில் வேகம் எடுக்கக் கோவை மேனிஃபோல்டு வேண்டும், சரி. ஆனால் தடைக்காலத்தில் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்த கார்களை ஓடவைத்தது எங்கள் மெக்கானிக்மார்களின் அறிவு. அதை நான் ஒருபடி மேலே வைக்கிறேன். அவர்களுக்கு வயதாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் கராஜ் கராஜாகப் போய், அவர்கள் செய்ததைக் கேட்டு, அளந்து, வரைந்து வைக்க வேண்டும்.