சாட்சியைக் கூப்பிடும் உரிமை: இந்தியாவிலும் இலங்கையிலும்

நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாகப் பாட்டாளிக் கட்சித் தலைமைச் செயலாளர் பிரித்தம் சிங்மீது 2024 அக்டோபரில் சிங்கப்பூரில் வழக்கு விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பின் முதல் சாட்சி, செங்காங் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரயீசா கான். எதிர்த்தரப்பில் கூண்டேறியவர் பிரித்தம் சிங் ஒருவர்தான். வேறு சாட்சிகளையும் வரவழைக்கச் சட்டத்தில் வழியுண்டு; வேண்டுமா என்பதை அவரும் வழக்கறிஞரும் முடிவு செய்துகொள்ளலாம். கூப்பிட்டாலும் வராத சாட்சியை நம்பி நிற்கும் சாமானியனுக்குத்தான் அந்த வழி உயிர்நாடி. கடை முதலாளியோ பக்கத்து வீட்டுக்காரரோ அவனுக்காக ஒருநாள் கூலியை விட்டு நீதிமன்றம் ஏறமாட்டார்கள்.

இந்தியாவில் அந்த வழி இருக்கிறது: பெரிய குற்ற வழக்குகளில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) மனுப்போட்டால் மாஜிஸ்திரேட் சம்மன் அனுப்பியே ஆகவேண்டும். அலைக்கழிக்கவோ, இழுத்தடிக்கவோ, நீதியைக் கெடுக்கவோ போட்ட மனு என்று கருதினால் மட்டுமே மறுக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது மாறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு காசோலை வழக்கில், தன் தரப்பை நிரூபிக்க வாய்ப்புக் கேட்பது நியாயமான விசாரணையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. ஆனால் சாட்சியின் செலவை முன்கூட்டியே கட்டும்படி மாஜிஸ்திரேட் கேட்கலாம். ஏழை எதிரி அங்கேயே நின்றுவிடுவான்.

இலங்கை அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை நியாயமான விசாரணையைச் சொன்னாலும் சாட்சிகளைக் குறிப்பிடவில்லை. சாட்சியைப் பற்றிப் பேசுவது குடியியல், அரசியல் உரிமைகளுக்கான 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். எழுத்தாளர்களைக் கைது செய்யப் பயன்பட்ட அதன் 3ஆம் பிரிவைத்தான் பலருக்கும் தெரியும். அடுத்த பிரிவோ, எதிரியின் சாட்சிகளை அரசுத் தரப்புச் சாட்சிகளுக்குரிய அதே நிபந்தனைகளில் வரவழைத்து விசாரிக்கும் உரிமையைத் தருகிறது. இந்தியச் சட்டம் நீதிபதியின் கையைக் கட்டுகிறது என்றால், இலங்கைச் சட்டம் இரு தரப்பையும் ஒரே தராசில் நிறுத்துகிறது.

ஆனால் போலீசிடம் என்ன சொன்னார் என்று தெரியாமல் ஒருவரைக் கூப்பிடுவது சூதாட்டம். அவரே எதிராகப் பேசிவிடலாம். தூக்குத் தண்டனைக்குரிய ஒரு போதைப்பொருள் வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இதற்கு வழி சொன்னது: எதிரியின் வாதத்தை உறுதிப்படுத்தவோ பொய்யாக்கவோ கூடிய முக்கியச் சாட்சியை அரசுத் தரப்பு விசாரிக்காவிட்டாலும், அவர் தந்த வாக்குமூலத்தை எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிட வேண்டும். இலங்கைச் சட்டம் சொல்லும் ‘அதே நிபந்தனைகள்’ இதையும் சேர்த்தால்தான் முழுமையாகும். இந்தியாவில் செலவுப் பணமும் எதிரியின் தலையில் விழக்கூடாது.