நிரை, நிரல், நம் ஊர் உப்பு

நம் சங்கத்து மூத்தவர்கள் கேட்டதைத் தட்ட முடியவில்லை. சூழல் தடம் அளக்கும் சிந்தனைப் பள்ளிகளைப் பற்றிச் சங்க மலருக்கு எழுதுகிறேன். 1970-இல் பொருளியலாளர் லியோன்டீஃப் மாசகற்றுவதையும் ஒரு துறையாக்கி உள்ளீடு–வெளியீட்டு அட்டவணைக்குள் வைத்தது நம் உறுப்பினர்களுக்குப் புதிதல்ல.

மும்பையின் இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பாரிக், பாண்டா, மூர்த்தி மூவரும் எந்த வருமானத்தார் நுகர்வால் எவ்வளவு கார்பன் என்று 1990-களிலேயே கணக்கிட்டார்கள். சிட்னியிலிருந்து ஈயோரா, ஐரோப்பாவிலிருந்து எக்சியோபேஸ் என்ற தரவுத்தளங்கள் பின்னால் வந்தன. பெரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை.

எங்கள் வழி புணே கோகலே நிறுவனத்து பி. என். மாத்தூர் வழி. அந்த வழியில் என் ஆசிரியர் எங்களை முதலில் மரக்காணம் உப்பளத்துக்குத்தான் அழைத்து வந்தார். பாத்தி வரப்பில் நின்றபடியே கேட்பார்: பம்புக்கு எத்தனை லிட்டர் டீசல், சாக்கு எந்த ஊரிலிருந்து, லாரி எதுவரை போகிறது? உப்பை விளைவிக்கும் வெயிலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அதனால் அது அட்டவணையில் ஏறாது. ஏறுகிறவற்றை ரூபாயில் மட்டும் எழுதினால் போதாது, பக்கத்தில் டன்னும் லிட்டரும் இருக்க வேண்டும் என்பார்.

காரணம் கல் உடைக்கும் எங்கள் ஊரான பெருமுக்கலிலேயே இருக்கிறது. 2008 தேசியத் தொழில் வகைப்பாட்டில் கல் உடைப்பது 0810, உப்பெடுப்பது 0893. இரண்டும் 08-ஆம் பிரிவு. துறைகளைச் சுருக்கும்போது வெடிவைத்து உடைத்த எங்கள் ஊர் ஜல்லியும் வெயிலில் விளைந்த மரக்காணம் உப்பும் ஒரே சராசரிக்குள் போய்விடும். உப்போ மலிவான சரக்கு. ரூபாய்க்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அதைச் சுமக்கும் லாரியின் புகை குறைந்தே தெரியும்.

இன்று சிலர் (எல்லோரையும் சொல்லவில்லை, நல்லவர்களும் உண்டு) அட்டவணையை இறக்கி, நேர்மாறு அணி எடுத்து, வண்ணப்படம் போட்டு முடித்துவிடுகிறார்கள். 2007-08 அட்டவணைக்குப் பிறகு நமக்குக் கிடைப்பவை வழங்கல்–பயன்பாட்டு அட்டவணைகள். அவற்றைச் சதுர அணியாக்க எந்த அனுமானத்தைக் கொண்டார்கள் என்று ஒரு வரி எழுதுவதில்லை. நிரைக் கூட்டல் நிரல் கூட்டலோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. பொருந்தாததைப் பொருத்திவிட மென்பொருள் இருக்கிறதாம்! கூட்டிப் பார்க்காதவர் கையில் கொள்கை போகிறது, கொள்கையோடு கடற்கரையும் போகிறது. பெரியவர்கள் கையால் கூட்டிச் சரிபார்த்த துறை இது. இந்த நிலையைப் பார்க்க வயிறு எரிகிறது.

சங்கம் ஒன்று செய்யலாம். இனி வாசிக்க வரும் ஒவ்வொரு கட்டுரையோடும் அனுமானம் எழுதிய ஒரு தாளும், டன் கணக்கில் ஒரு நிரையும் கேட்டு வாங்கட்டும்.