ஜாமீன் கையெழுத்து: தொடக்ககால அமெரிக்க எழுத்தும் நம் பிள்ளைகளின் பரீட்சை விடையும்

நம் சங்கக் குடும்பங்களில் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் ஒரு தாள். கடைசிப் பரீட்சைக்கு அவர்கள் வைத்துப் படிக்கும் நோட்ஸ்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். கல்லூரிப் பக்கம் போகாத வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த நோட்ஸ்களில் பாதிக்கு மேல் பேசப்படுவது நாணயத்தைப் பற்றி. அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எங்களுக்கும் பாத்தியதை உண்டு.

பேச்சுக்கலைக்கு மூன்று உறுப்புகள் என்று அரிஸ்டாட்டில் வகுத்தார். ஈதோஸ் என்பது பேசுகிறவர் மேல் கேட்பவருக்கு உண்டாகும் நம்பிக்கை, பாதோஸ் உணர்ச்சி, லோகோஸ் தர்க்கம். நோட்ஸ் என்ன செய்கிறதென்றால், ஒவ்வொரு நூலுக்கும் இந்த மூன்றில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1741இல் என்ஃபீல்டில் செய்த நரக பயப் பிரசங்கம் பாதோஸ், தாமஸ் பெயின் லோகோஸ், பெஞ்சமின் பிராங்க்ளின் ஈதோஸ், அவ்வளவுதான். மளிகைக் கடை டப்பாவில் சீட்டு ஒட்டினால் போதும், உள்ளே இருப்பது மாறாது. புத்தகம் அப்படிப்பட்ட சரக்கில்லை.

பிராங்க்ளினையே எடுத்துக்கொள்வோம். மெழுகுவர்த்தி, சோப்புக் காய்ச்சியவரின் மகன். பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் வைத்த காலத்தில், வாங்கிய காகிதத்தைத் தள்ளுவண்டியில் போட்டுத் தெரு வழியே தானே தள்ளிக்கொண்டு போனாராம். உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, ஊர் கண்ணுக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதுகிறார். கடைவீதியில் உட்கார்ந்தவனுக்கு இதற்கு உரை வேண்டாம். புலால் விட்டிருந்த காலத்தில் ஒரு கப்பல் பயணத்தில் பொரித்த மீன் வாசனைக்கு மனம் இளகி, பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறதே, நாம் தின்றால் என்ன என்று நியாயம் கற்பித்துச் சாப்பிட்டதையும் அவரே சொல்லிச் சிரிக்கிறார். ஜைனனாகிய எனக்கு அந்த இடம் வருத்தந்தான். ஆனால் தர்க்கம் நாக்குக்கு எப்படிக் கூலி வேலை பார்க்கும் என்பதை அந்த ஒரு பக்கம் காட்டுகிற மாதிரி எந்த நோட்ஸும் காட்டவில்லை.

பேட்ரிக் ஹென்றியின் புகழ்பெற்ற விடுதலைப் பேச்சு 1775 மார்ச் 23இல் ரிச்மண்டில் நடந்தது. அதன் வாசகம் அச்சில் வந்ததோ 1817இல், வில்லியம் வர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில். ஹென்றி இறந்து அப்போது 18 வருஷம் ஆகிவிட்டது. கேட்டவர்களின் ஞாபகத்தை வைத்துக் கட்டிய பேச்சு அது. "ஹென்றி இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தார்?" என்று பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதும் பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு எழுதட்டும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்பிக்கை என்பது பேச்சின் வழியாகவே பிறக்க வேண்டும், பேசுகிறவருக்கு முன்பே உள்ள பெயரால் அல்ல என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. நோட்ஸ்கள் இதை விட்டுவிட்டு, 'ஈதோஸ் என்றால் ஆசிரியரின் தகுதி' என்று முடித்துவிடுகின்றன. பெயினுக்கு அரிஸ்டாட்டில் சொன்னது அப்படியே பொருந்துகிறது. அவர் 1774 கடைசியில் அமெரிக்கா வந்து இறங்கியவர். 1776 ஜனவரியில் 'காமன் சென்ஸ்' வந்தபோது அதில் அவர் பெயரே இல்லை. எழுதியவன் யார் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, கொள்கையைப் பாருங்கள் என்று பின்னால் ஒரு குறிப்பும் சேர்த்தார். ஊர் பேர் தெரியாத ஆளின் சொல்லை ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வருஷம் முன்னால், 1773இல், பிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுதி வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, ஏழெட்டு வயதில் 1761இல் பாஸ்டனில் அடிமையாக விற்கப்பட்ட பெண். பாஸ்டனில் அச்சிடப் போதிய சந்தாதாரர் சேரவில்லை. புத்தகம் லண்டனில்தான் வந்தது. அதன் முன்பக்கங்களில் ஒரு சான்று இருக்கிறது: இவற்றை எழுதியது இந்தப் பெண்தான் என்று 18 பெரிய மனிதர்களின் பெயர்கள். கவர்னர் தாமஸ் ஹட்சின்சன், ஜான் ஹான்காக், போதாததற்கு அவரை விலைக்கு வாங்கிய ஜான் வீட்லியும். பதினெட்டுப் பேரும் ஒரே அறையில் கூடி அவரைப் பரீட்சை செய்ததாகக் கதை சொல்கிறார்கள். அப்படிக் கூடியதற்கு ஆவணம் கிடையாது. ஆவணம் உள்ளது கையெழுத்துகளுக்குத்தான், அதுவே போதும்.

பெயினுக்குப் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. வீட்லிக்குப் பெயர், படம், பதினெட்டு ஜாமீன் எல்லாம் வேண்டியிருந்தது. வெளியூரில் கடை பிடிக்கப் போன நம்மவர்களிடம் "உனக்கு இங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான். சரக்கு நல்லதா என்று பார்க்கிறதற்கு முன்னாலேயே வருகிற கேள்வி. அரிஸ்டாட்டிலின் இலக்கணம் இங்கே நின்றுபோகிறது. பேச்சின் வழியாக நம்பிக்கை பிறக்க, முதலில் பேச்சைக் கேட்க ஆள் உட்கார வேண்டாமா? 1650இல் லண்டனில் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள் வந்தபோதும், இது பெண் எழுதியதுதான் என்று அவர் உறவினர் முன்னுரையில் உறுதி சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு ஜாமீன், கறுப்புப் பெண்ணுக்குப் பதினெட்டு. 1789இல் ஒலாடா எக்வியானோ தன் சரிதத்தின் தலைப்பிலேயே 'தானே எழுதியது' என்று போட்டுக்கொண்டதன் காரணமும் இப்போது விளங்கும்.

நோட்ஸ் வீட்லியை எப்படி மதிப்பிடுகிறது? ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதைப் பற்றிய எட்டு வரிக் கவிதையை வைத்து, அடிமைத்தனத்துக்கே நன்றி சொன்னவர் என்று தள்ளிவிடுகிறது. கடைசி இரண்டு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். நினைவில் வையுங்கள் என்று தொடங்கி, கிறிஸ்தவர், கறுப்பர் ஆகிய இரண்டு சொல்லையும் காற்புள்ளியிட்டு அடுத்தடுத்து வைக்கிறார். புத்தி சொல்லப்படுவது யாருக்கு? கறுப்பரும் மேன்மை அடையலாம் என்று கிறிஸ்தவருக்கா, இல்லை இரு சாராருக்கும் சேர்த்தா? ஜாமீன் போட்டவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குப் பாடம் நடத்துகிற சாமர்த்தியம் அது. தாமஸ் ஜெபர்சன் அவர் கவிதைகளை விமர்சனத்துக்கே தகுதியில்லாதவை என்று ஒதுக்கினார். அதே ஜெபர்சன் எழுதிய சுதந்திரப் பிரகடன நகலில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்த பகுதியை 1776இல் காங்கிரஸ் அடித்துவிட்டது. அச்சான வாசகத்தை மட்டும் வைத்து லோகோஸ் பேசுகிற விடையில் இது எங்கே வரும்?

லண்டனிலிருந்து திரும்பிய பிறகு, 1773இலேயே வீட்லிக்கு விடுதலை கிடைத்தது. 1774 பிப்ரவரியில் சாம்சன் ஆக்கம் என்ற பூர்வகுடி போதகருக்கு அவர் எழுதிய கடிதம் பத்திரிகைகளிலும் வெளியானது. விடுதலை ஆசையை ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுளே ஊன்றியிருக்கிறார் என்கிறார். சுதந்திரம் வேண்டும் என்று கூவிக்கொண்டே பிறரை அடக்கி ஆள்கிறவர்களின் முரண்பாட்டையும் பெரிய தத்துவஞானி வந்து விளக்க வேண்டியதில்லை என்று கூர்மையாகக் குத்துகிறார். அடிமைகளை வைத்திருந்த ஹென்றி ரிச்மண்டில் பேசுவதற்கு ஒரு வருஷம் முன்பு எழுதியது இது. இதற்குப் பதினெட்டுப் பேர் கையெழுத்து இல்லை. நான் பார்த்த எந்த நோட்ஸிலும் இந்தக் கடிதமும் இல்லை. ஒரு பக்க அளவுதான். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிகூடப் படித்துவிடலாம்.