ரியூவின் களைப்பு, அம்மாவின் களைப்பு

2020ல் ஊரடங்கு வந்ததும் உலகம் முழுக்கப் பலரும் ஆல்பெர் காம்யுவின் ‘பிளேக்’ நாவலைத் தூசி தட்டி எடுத்தார்கள். நானும்தான். அப்போது நான் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலானவை டாக்டர் ரியூவின் மன உறுதியைப் பற்றி இருந்தன. கடமை, நேர்மை, சோர்ந்துவிடாத மனிதன், இப்படி. நானும் அப்படித்தான் வாசித்தேன்.

அடுத்த வருஷம் மே மாசம், இரண்டாம் அலையின்போது மறுபடி வாசித்தேன். இந்தத் தடவை வேறு இடத்தில் மாட்டிக்கொண்டேன். நாவலின் நாலாம் பாகத் தொடக்கத்தில் சில பக்கங்கள் வருகின்றன. கதை அங்கே நகர்வதே இல்லை. ஒரான் நகரத்தில் பிளேக் மாசக்கணக்காக நீடித்துவிட்டது. ரியூவும் நண்பர்களும் எப்படிக் களைத்துப் போனார்கள் என்று மட்டும் காம்யு சொல்லிக்கொண்டு போகிறார். 17 வயசிலேயே காசநோய் வந்தவர் அவர். உடம்பு ஒத்துழைக்காமல் போவது என்றால் என்னவென்று தெரிந்தவர்.

அவர் என்னவெல்லாம் கவனிக்கிறார் பாருங்கள். ராம்பேர் என்கிற பத்திரிகையாளர் தனிமைப்படுத்தும் முகாம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். தன் முகாமில் எத்தனை பேர் என்று கேட்டால் டக்கென்று சொல்வார். ஊரில் சாவு கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டால் தெரியாது. இரவும் பகலும் வேலையில் மூழ்கியவர்கள் பேப்பர் படிப்பதை விட்டுவிடுகிறார்கள். வயசான டாக்டர் கஸ்தெல் நாற்காலியிலேயே வாயோரம் எச்சில் வழியத் தூங்கிப்போகிறார். அதைப் பார்த்து ரியூவுக்குத் தொண்டை அடைக்கிறது. ரியூ தன் மனைவியைப் பற்றி யாரிடமும் பேசாதவர். ஒருநாள் சும்மா ஏதோ பேசுவதுபோல கிரானிடம் அவளைப் பற்றிப் பேசிவிட்டு, தானே ஆச்சரியப்படுகிறார்.

இவற்றைவிட ஆபத்தானது என்று நாவல் சொல்வது அசிரத்தையை. சுகாதார விதிகளை வகுத்த இதே ஆட்கள் அவற்றை விட ஆரம்பிக்கிறார்கள். கிருமிநாசினி போட மறக்கிறார்கள். நுரையீரல் பிளேக் இருக்கிற வீட்டுக்குக்கூடப் பாதுகாப்பு இல்லாமல் ஓடுகிறார்கள். வீரம் காட்டுவதற்காக இல்லை. திரும்பிப் போய் மருந்து போட்டுக்கொண்டு வருவதற்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் அந்த வாரம் எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பாசிட்டிவ். முதல் அலையில் பால் பாக்கெட்டைக்கூட சோப்பு போட்டுக் கழுவிய அம்மா, இப்போது அப்பா சாப்பிட்ட தட்டை வெறும் கையால் எடுத்துக்கொண்டு போனார். “மாஸ்க் போட்டுக்கோம்மா” என்றேன். “எத்தனை தடவைதான்டா போடறது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. படித்துச் சொல்லியும் கேட்கவில்லையே என்கிற கோபம்.

அந்தக் கோபம் தப்பு என்று காம்யுதான் எனக்குச் சொன்னார். களைப்பு முதலில் தின்பது தைரியத்தை அல்ல, கவனத்தை. பயம் போய்விட்டதால் அம்மா மாஸ்க்கை விடவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை கவனமாக இருக்கிற சக்தி தீர்ந்துபோயிருந்தது. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியக் கிளையும் 2020ல் ‘பெருந்தொற்றுக் களைப்பு’ பற்றிய அறிக்கையில், இது எதிர்பார்க்கக்கூடிய, இயல்பான எதிர்வினை என்றுதான் சொன்னது. ஆனால் நமக்கு வாட்ஸப்பில் வந்ததெல்லாம் மூச்சுப் பயிற்சியும் ‘பாசிட்டிவாக இருங்கள்’ வகையறாவும். மூச்சுப் பயிற்சி கெட்டது என்று சொல்ல வரவில்லை. தட்டை யார் கழுவுவது என்கிற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நாவலில் களைப்புக்கு மருந்துபோல ஒன்றே ஒன்று வருகிறது. ஓர் இரவு தாரூ, நட்புக்காக ஏதாவது செய்வோம் என்று ரியூவைக் கடலுக்குக் கூட்டிப்போகிறார். கையிலிருக்கிற பாஸைக் காட்டிக் காவலைத் தாண்டிப் போகிறார்கள். இருவரும் ஒரே தாளத்தில் நீந்துகிறார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு திரும்பி வந்து மறுபடி வேலை. இதைக் காம்யு தீர்வாக வைக்கவில்லை. ஒரு இடைவேளை, பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான் தருகிறார், அதற்குமேல் பொய் சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இதே இடத்தில்தான் நாவல்மீது என் குறையும். அந்த பாஸ் யாரிடம் இருக்கிறது? ஆண்களிடம். நாவலில் களைப்பை உணர்ந்து பேசுகிறவர்கள் எல்லாருமே ஆண்கள். ரியூவின் அம்மா மகன் வீட்டைப் பார்த்துக்கொள்ள முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறார். கடைசிவரை அந்த வீட்டில் இருக்கிறார். தாரூ சாகக் கிடக்கும்போது மகனோடு சேர்ந்து கவனிப்பவரும் அவர்தான். அவருடைய அமைதியைத் தாரூ தன் குறிப்பேட்டில் வியக்கிறார். அவருக்குக் களைப்பாக இருந்ததா என்று நாவல் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. அமைதி என்று ஆண்கள் வியப்பது பல சமயம், குறைசொல்ல நேரம் கிடைக்காததைத்தான்.

ஒரான் அல்ஜீரிய நகரம். ஆனால் நாவலில் அரபு மக்கள் கிட்டத்தட்ட இல்லை. இதைக் கானர் குரூஸ் ஓ’பிரையன் 1970லேயே தன் புத்தகத்தில் காட்டிவிட்டார். அரபு மக்களின் நிலைமையைப் பற்றி எழுதத்தான் ராம்பேர் ஊருக்கே வருகிறார். அப்புறம் அந்தப் பேச்சே காணோம். இரண்டு குறைகளும் ஒரே வேரிலிருந்து வருபவை என்று எனக்குப் படுகிறது. களைப்பைப் பதிவு செய்வதற்கும் ஒரு அந்தஸ்து வேண்டியிருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்குக் கைதட்டினோம். அதே ஆகஸ்ட்டில் நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் சம்பளமும் பாதுகாப்பு உடையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கைதட்டல் நினைவிருக்கிற அளவுக்கு நமக்கு அந்த வேலைநிறுத்தம் நினைவிருக்கிறதா?

‘பிளேக்’ சிறிய நாவல் என்று சொல்ல வரவில்லை. களைப்பைப் பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்ததே அதுதான். கற்றுக்கொண்ட கண்ணால் அதையே பார்த்தால் ஓட்டை தெரிகிறது. நல்ல புத்தகம் அதைத் தாங்கும்.

அப்பா தேறிவிட்டார். அம்மாவுக்கும் தொற்று வந்து, லேசாகப் போய்விட்டது. அந்தப் பத்து நாளும் தட்டுகளை நான்தான் கழுவினேன். நாலாவது நாள் மாஸ்க் போட நான் மறந்துபோனேன்.