கொடை மேடையில் பேஸ் கிட்டார் எங்கே போயிற்று?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் கோயில் கொடை என்றால் தலைக்கட்டு வரி பிரித்து மெல்லிசைக் கச்சேரி வைப்பது வழக்கமாகிவிட்டது. பாடகர்கள் முன்னால் நிற்பார்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒரு மூலையில் நிற்பார். தடித்த நான்கு தந்திகள் கொண்ட அந்தக் கருவியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால், 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான இளையராஜா, தாளத்துக்குத் துணை என்ற நிலையிலிருந்து அக்கருவியை உயர்த்தி, அதற்கென்று தனி மெட்டே கொடுத்தார் என்பதை இசை ஆர்வலர்கள் அறிவர். 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) போன்ற படங்களின் பாடல்களில் பேஸ் பகுதியை எடுத்துவிட்டால் பாட்டே தரைதட்டிவிடும்.

இப்பாடல்களைக் கொடை மேடையில் கேட்கும்போது நடப்பது என்ன? மார்புக்கூடு அதிர்கிறது. பந்தல் தகரம் கிடுகிடுக்கிறது. ஆனால் பேஸ் கிட்டார் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குப் போயிற்று என்று கேட்டால், முன்வரிசையில் இருப்பவராலும் சொல்ல முடிவதில்லை. 'தும் தும்' என்ற ஒரே ஒலிதான் மிஞ்சுகிறது. வாசிப்பவர் திறமைக் குறைவானவர் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான மேடைகளில் அவர் சரியாகத்தான் வாசிக்கிறார். குறை, ஒலியைக் கையாளும் முறையில் இருக்கிறது. 'பேஸ் வேண்டுமானால் பேஸ் திருகியை ஏற்று' என்ற ஒரே விதியை நம்பி நடத்தப்படும் முறை அது. இந்த விதி எவ்வளவு தவறானது என்பதை ஆராய்வோம்.

டிரான்சிஸ்டர் கற்பித்த பாடம்

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சுரங்கள் பிறக்கும். இனி ஒன்றை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலி வானொலியையும் இலங்கை வானொலியையும் நம் ஊர்களில் கையடக்க டிரான்சிஸ்டரில்தான் கேட்டார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத அதன் ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பவே இயலாது. அப்படியிருந்தும் பேஸ் கிட்டாரின் நடை காதில் விழுந்தது. எப்படி?

ஒரு தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும்போது அதன் மடங்குகளான 82, 123, 164 ஆகிய அதிர்வெண்களிலும் கூடவே அதிர்கிறது. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். அடிச்சுரம் காதை எட்டாவிட்டாலும், மேற்சுரங்களுக்கு இடையேயுள்ள ஒழுங்கைக் கொண்டு நம் மூளை அந்த அடிச்சுரத்தைத் தானே உணர்ந்துகொள்கிறது. ஆகவே, சுரத்தை அடையாளம் காட்டும் வேலையைப் பெரும்பாலும் மேற்சுரங்களே செய்கின்றன. பேஸ் திருகி ஏற்றுவதோ மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும். அவை மேற்சுரங்களை மூடிவிடுகின்றன. டிரான்சிஸ்டரில் தெளிவாகக் கேட்டது பல ஆயிரம் வாட் மேடையில் கேட்காமல் போவதன் முதல் காரணம் இதுவே.

காதும் ஒரு திருகிதான்

இரண்டாவது காரணம் நம் காதுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, மெல்லிய ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாகக் கேட்பதில்லை என்று காட்டியது. இன்றைய அளவீடுகளின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக உள்ள ஒலியின் உரப்புக்கு ஈடாக 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் அது ஏறத்தாழ 78 டெசிபல் இருக்க வேண்டும். வித்தியாசம் 38. ஆனால் 80 டெசிபல் உரப்புக்கு ஈடாக 102 டெசிபல் இருந்தால் போதும். வித்தியாசம் 22 மட்டுமே.

இதன் பொருள் என்ன? வீட்டில் மெல்ல வாசித்துப் பழகும்போது பேஸ் போதவில்லை என்று தோன்றும். உடனே திருகியை ஏற்றி, 'ஆகா, இப்போது நன்றாக இருக்கிறது' என்று குறித்துக்கொள்கிறார்கள். அதே அமைப்பை மேடைக்குக் கொண்டுபோய் ஒலியை உயர்த்தினால், காது தன் பங்குக்கு ஏறத்தாழ 16 டெசிபல் அளவுக்குப் பேஸைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறது! வீட்டில் பொருத்தமாக இருந்த அமைப்பு மேடையில் கொழகொழப்பாவது இதனால்தான். மேடை உரப்பில் வைத்துப் பார்க்காத எந்த அமைப்பையும் சரியானது என்று கொள்ளக் கூடாது.

வாட் கணக்கு

மூன்றாவது, மின்திறன். பெருக்கியின் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். திருகியை 10 டெசிபல் ஏற்றுகிறவர், அந்தத் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் பத்து மடங்கு மின்திறன் கேட்கிறார். 500 வாட் செலவானது 5000 ஆகும். அவ்வளவு திறன் இல்லாத பெருக்கி என்ன செய்யும்? அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கிவிடும். தந்தியை விரல் இழுத்துவிடும் அந்தக் கணத்தில் எழும் உச்சியே முதலில் வெட்டுப்படுகிறது. ஒலிக்கு 'அடி'யைத் தருவதும் அந்த உச்சிதான். ஆகவே, திருகியை ஏற்ற ஏற்ற அடி குறைந்து, இரைச்சல் கூடுகிறது.

நம் மண்ணில் இருக்கும் விடை

அடியும் ஆழமும் ஒருங்கே கேட்பது எப்படி என்பதை அறிய வெளிநாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. இதே கொடைகளில் காலங்காலமாக நடக்கும் வில்லுப்பாட்டைப் பாருங்கள். குடம் வாசிப்பவர் மண்குடத்தின் வாயில் தட்டையான மட்டையால் அடிக்கிறார். குடத்துக்குள் அடைபட்ட காற்று ஒரு குறித்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து 'கும்' என்ற ஆழ்ந்த ஒலியைத் தருகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் விளக்கிய ஒத்ததிர்வு இதுவே. அதோடு அவர் நிற்பதில்லை. மறு கையில் வைத்திருக்கும் நாணயத்தால் குடத்தின் பக்கவாட்டில் 'டிக்' என்று தட்டுகிறார். 'கும்' ஆழத்தைத் தருகிறது. 'டிக்' அந்த ஒலி எப்போது தொடங்கியது என்பதைக் காதுக்குச் சொல்கிறது.

தவிலிலும் இதே அறிவுதான். தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தைத் தவில்காரர் வெறுங்கையால் தட்டுவதில்லை, கம்பால் அடிக்கிறார். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் இசையோடு ஒலித்த தவில், திறந்த வெளியிலும் சொல் சொல்லாகக் கேட்டதில் வியப்பில்லை. ஆழ்ந்த ஒலிக்குக் கூர்மையான தொடக்கம் வேண்டும் என்பது நம் கலைஞர்கள் கையால் கண்ட உண்மை. பேஸ் கிட்டாரில் அந்தத் தொடக்கம், அதாவது விரல் தந்தியை உராயும் ஒலி, ஏறத்தாழ 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. மைக்செட்காரர்கள் பலர் 'பேஸ் கருவிக்கு இது எதற்கு?' என்று வெட்டிவிடுவது இந்தப் பகுதியைத்தான். குடத்துக்காரரின் நாணயத்தைப் பறிப்பதற்கு ஒப்பான செயல் இது.

இடம் மாறினால் அமைப்பும் மாற வேண்டும்

கல்யாண மண்டபத்தில் சிமெண்டுச் சுவர்கள் தாழ்ந்த ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. நிமிடத்துக்கு 120 தட்டு நடக்கும் பாட்டில் ஒரு தட்டு அரை வினாடி. மண்டபத்தில் ஒலி 3 வினாடி தங்குமானால், ஆறு தட்டுகளின் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அங்கே பேஸைக் குறைத்தே ஆக வேண்டும்.

கரிசல் திடலில் சுவர் இல்லை. அங்கு வேறொரு சிக்கல். மேடையின் இரு புறமும் பேஸ் பெட்டிகளை அடுக்குகிறார்கள். 55 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 6.3 மீட்டர். இரு பெட்டிகளிலிருந்தும் உங்களுக்குள்ள தொலைவில் அதன் பாதியான 3.2 மீட்டர் வித்தியாசம் இருந்தால், ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஓரிடத்தில் அதிர்வும் நாலடி தள்ளி வெறுமையும் உண்டாவது இதனால்தான். பேஸ் பெட்டிகளை மட்டும் ஒரே இடத்தில், தரையோடு சேர்த்து வைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். தரை ஒலியைத் திருப்பித் தருவதால் கூடுதல் மின்திறன் இல்லாமலே உரப்பும் கூடும்.

செய்ய வேண்டியவை

40 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டி நீக்கிவிடலாம். அங்கே சுரம் இல்லை; தடதடப்புதான் உண்டு. 80 முதல் 100 வரை உடலைத் தருகிறது. அதை அப்படியே விடலாம். 200 முதல் 300 வரை சற்றுக் குறைத்தால் கொழகொழப்பு நீங்கும். 700 முதல் 1000 வரை கொஞ்சம் கூட்டலாம். கம்ப்ரசர் இருந்தால், விரல் இழுப்பின் முதல் 20, 30 மில்லி வினாடியைத் தடுக்காதபடி அமைக்க வேண்டும். ரிதம் பேடு வாசிப்பவரின் 'தும்' ஒலியும் பேஸ் கிட்டாரும் ஒரே இடத்தில் மோதினால், இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். வாசிப்பவரும் சுரம் முடிந்தவுடன் தந்தியை விரலால் அமர்த்த வேண்டும். அழுக்கேறிய பழைய தந்தியில் மேற்சுரங்கள் மங்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது. எல்லாம் முடிந்தபின், மைக்செட்காரர் ஒருமுறை திடலின் கடைசி வரிசைவரை நடந்துபோய்க் கேட்டு வரட்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

காதுகளைக் காப்போம்

இது வெறும் ரசனைச் சிக்கல் அன்று. பேஸ் தெளிவாகக் கேட்காதபோது எல்லோரும் செய்வது ஒன்றே: மொத்த ஒலியை உயர்த்துவது. பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, கேளிக்கை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் எல்லை வகுத்துள்ளன. ஆனால் அவை 'ஏ' அளவுமுறையில் அமைந்தவை. அம்முறை 50 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிட்டே கணக்கிடுகிறது. எனவே, அளவுமானி குறைவாகக் காட்டும்போதே பக்கத்து வீட்டு ஜன்னல் ஆடலாம். மானியை மட்டும் நம்பிப் பயனில்லை.

வாசகர்களே! அடுத்த கொடையில் பேஸ் கிட்டாரைத் தேடிக் கேளுங்கள். அதன் மெட்டை உங்களால் முணுமுணுக்க முடிந்தால் அந்த மைக்செட்காரரைப் பாராட்டுங்கள். முடியாவிட்டால், 'அண்ணாச்சி, பேஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்' என்று சொல்லுங்கள். இறக்கினால்தான் கேட்கும் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வரி கொடுத்த ஊருக்கு, விடிய விடிய வாசிக்கும் அந்தக் கலைஞரின் கைத்திறன் கேட்க வேண்டாமா?